தப்புப் பணியாரம்

மாடி அக்கா சொன்னது தப்பாகிப்போன நாட்களில் எங்கள் வீட்டில் வெள்ளைப் பணியாரம் கிடைக்கும். சரியாகிப்போன நாட்களில் ஒன்றும் கிடைக்காது. காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடியில் அவர் குடியிருந்த ஒன்றரை வருடமும் இந்த வழக்கம் மாறவில்லை. சாயங்காலம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் தடதடவென்று இறங்கும். கால்மணி நேரத்தில் அதே வேகத்தில் திரும்பி வரும். கையில் வாழையிலைப் பொட்டலம், அதிலிருந்து மிளகாய்ச் சட்னி வாசனை. "இன்னைக்கு நான் தப்பு! சுத்தமாத் தப்பு! எல்லாரும் வாங்க!" என்று வாசலிலிருந்தே அறிவிப்பார்.

முதல் தடவை அதைக் கேட்டபோது நான் எட்டு மாதக் கர்ப்பிணி. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. தப்பு என்பதை இப்படிச் சத்தம் போட்டுச் சொல்லலாமா? நான் பிறந்த வீட்டிலும் சரி, வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் சரி, தப்பை மெதுவாகத்தான் சொல்வார்கள். அதையும் அடுத்தவர் செய்த தப்பாகத்தான் சொல்வார்கள்.

"எடுத்துக்கப்பா, சூடு ஆறிரும்" என்று என் கையில் நாலைந்து பணியாரத்தை வைத்தார். "காலையில மழை வராதுன்னு எழுதுனேன். மத்தியானம் பாத்தியா, எப்படி ஊத்துச்சு!"

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதாக்கா?" என்று கேட்டேன். அவர் சொன்னது பொய்த்ததால் அவருடைய மேலதிகாரி திட்டுவாரோ என்று எனக்குக் கவலை.

"இதுதானே வேலையே" என்றார் வாய் நிறையப் பணியாரத்துடன். "சரியா வந்த நாள்ல எனக்கு என்ன புதுசாத் தெரியும்? முன்னாடி தெரிஞ்சதுதான் தெரியும்."

அவருக்கு வேலை வடக்கே ஒரு ஊரிலுள்ள வானிலை ஆராய்ச்சி நிலையத்தில். சொந்த ஊர் திருக்கோஷ்டியூர்ப் பக்கம். அந்த நிலையத்தில் ஒரு பெரிய கூடம் முழுக்க அலமாரி அலமாரியாக ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருப்பதாகவும், சூடு தாங்காமல் போய்விடும் என்பதால் அதற்கு இராப்பகலாகக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதாகவும் சொல்வார். அதைப் பூமியிலுள்ள காற்றையும் ஈரத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போட வைத்து, நாளைக்கு எப்படி, அடுத்த வாரம் எப்படி என்று பார்ப்பார்கள். பழைய கணக்கில் காரைக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுமாம். மொத்தத்துக்கும் ஒரே மழை. அதைச் சின்னச் சின்னக் கட்டமாக்கினால் ஒரு கண்மாயில் பெய்வதையும் அடுத்த கண்மாயில் பெய்யாததையும் அது கண்டுபிடிக்குமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. கணக்குச் சொல்வதை நிஜ மழையோடு ஒப்பிட வேண்டும். அதற்காக இரண்டு ஐப்பசிகளை இங்கே கழிக்க அனுப்பியிருந்தார்கள்.

இதையெல்லாம் முதல் நாளே அவர் என் மாமியாரிடம் விளக்கினார். மாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொட்டி எங்க?" என்றார். அக்காவின் கையில் மூடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு மடிக்கணினிதான் இருந்தது.

"அது அங்க இருக்கு பெரியம்மா. நான் இங்க இருந்து வேலை குடுப்பேன். வரிசையில நிக்கும். நம்ம முறை வந்தா ஓடும்."

"அம்புட்டுப் பெரிய மிசினு, அதுக்கும் க்யூவா?"

"ரேஷன் கடையாட்டம் நிக்கும் பெரியம்மா. புயல் வந்தா இன்னும் மோசம்."

இதைக் கேட்டபின்தான் மாமியாருக்கு அந்த இயந்திரத்தின் மேல் ஒரு மரியாதை வந்தது. வரிசை நிற்கிற இடத்தில் ஏதோ நல்ல சரக்கு இருக்கிறது என்பது அவருடைய அனுபவம்.

மாடி அக்கா எதற்கும் ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல மாட்டார். "இருபதுல பதிமூணு" என்பார். "இருபதுல நாலு" என்பார். காரணம் இதுதான். ஒரே நாளை அந்த இயந்திரத்தில் அவர் ஒரு தடவை ஓட்டுவதில்லை, இருபது தடவை ஓட்டுவார். ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தைத் துளி மாற்றுவார். காற்று கொஞ்சம் கூட, ஈரம் கொஞ்சம் குறைய. இருபதில் எத்தனை தடவை மழை வருகிறது என்று எண்ணுவார்.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஏதாவது நல்ல காரியம் என்றால் சாமி முன்னால் சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம்.

"நாங்க சாமிகிட்ட ஒரு தடவைதான்டி கேப்போம். நீ என்னன்னா இருபது தடவை கேக்குற. அதுக்குக் கோவம் வராது?"

"ஒரு தடவை கேட்டா அது சொல்றதை நம்பிட்டுப் போயிருவோம் பெரியம்மா. இருபது தடவை கேட்டாத்தான் அதுக்கே சந்தேகமான்னு தெரியும்."

"சாமிக்கா சந்தேகம்? வாயை அலம்பு."

அவர் நிஜமாகவே எழுந்து போய் வாயை அலம்பிவிட்டு வந்தார். மாமியார் சிரித்துவிட்டார். அவரைச் சிரிக்கவைப்பது லேசான காரியமில்லை.

இருபது தடவை கேட்பது எனக்கும் பழக்கம்தான். குழந்தை பிறந்தபின் அது முற்றிப்போயிருந்தது. எம்.காம். படித்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்குப்பதிவியல் நடத்தியவள், காய்ச்சலை மூன்று தடவை அளந்து மூன்றுக்கும் சராசரி எடுப்பேன். பால் சூடா என்று மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, பிறகு அடுத்த மணிக்கட்டிலும் விட்டுப் பார்ப்பேன். மகளுக்கு ஆறாம் மாதத்தில் ஈரக் காற்றில் மூச்சிரைப்பு வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதற்குப் பிறகு சன்னலைத் திறந்தாலும் பயம், மூடினாலும் பயம்.

ஒருநாள் நான் தெர்மாமீட்டரோடு மல்லுக்கட்டுவதை மாடி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். "நீயும் என்னை மாதிரியே பாக்குறப்பா" என்றார். "ஆனா ஒண்ணு. நீ எதையும் எழுதி வைக்கிறதில்ல. அதனால எந்தப் பயம் நெசமாச்சு, எது சும்மாப் போச்சுன்னு உனக்குத் தெரியவே தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் எழுதவில்லை. எழுதிவைத்து யாராவது பார்த்துவிட்டால்?

அவர் அப்படியெல்லாம் யோசிக்கிறவர் இல்லை. அவர் வீட்டுச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். காலையில் எழுந்ததும் அன்றைய தாளில் கணிப்பை எழுதுவார். சாயங்காலம் சிவப்புப் பேனாவில் சரி, அல்லது பெருக்கல் குறி. கிழித்த தாளைத் தூக்கிப் போட மாட்டார், ஒரு கம்பியில் குத்தி வைப்பார். மழை மட்டும் இல்லை. பால்காரர் தாமதம், கரண்ட் போகும், இணையம் படுத்துவிடும் என்று எல்லாவற்றுக்கும் ஒரு எண் இருக்கும். என் மாமியாருக்கென்று தனியாக ஒரு வரி உண்டு. தும்பி தாழப் பறக்கிறது, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அவர் என்ன சொன்னாலும் அதையும் எழுதிக்கொள்வார். அந்த வரிக்கும் சிவப்புப் பேனா உண்டு.

"நீங்க நேத்து மழை வரும்னு சொன்னீக பெரியம்மா. வரலை."

"பெய்யும்னுதானே சொன்னேன். இங்க பெய்யும்னு சொன்னேனா? தேவகோட்டையில கேட்டுப் பாரு."

"தேவகோட்டையிலயும் இல்ல."

"அதுக்கு அங்குட்டும் ஊரு இருக்குல்ல?"

மாமியாரின் கணிப்பு ஒருநாளும் தப்பாகவில்லை. ஒவ்வொரு தடவையும் மழை வேறு எங்கேயோ போய்விட்டது, அவ்வளவுதான். அந்த வரியில் பெருக்கல் குறி கூடிக்கொண்டே போனது. பணியாரம் மட்டும் அந்தக் கணக்கில் ஒருநாளும் வரவில்லை.

ஒரு நாள் மாமியார் மோர்மிளகாய் கொடுக்க மாடிக்குப் போனார். காலண்டரில் அன்றைய தாளைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "கீழ்வீட்டுப் பெரியம்மா இன்று சத்தம் போடுவார், இருபதில் பதினேழு" என்று இருந்தது. பின்னால் நின்றிருந்த நான் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

மாமியார் மெதுவாகத் திரும்பினார். "மிச்சம் மூணு?"

"அன்னைக்கு உங்களுக்குத் தொண்டை கட்டியிருக்கும் பெரியம்மா."

அன்று முழுக்க மாமியார் வாயைத் திறக்கவில்லை. சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்தது, ஒன்றும் சொல்லவில்லை. மீன்காரரிடம் பேரம் பேசவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடி அக்கா இறங்கி வந்து, கையைக் கூப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பணியாரக் கடைக்குப் போனார். "தப்புப் பணியாரம்" என்ற பெயர் அன்றைக்கு மாமியார் வைத்ததுதான். அன்று பத்துப் பணியாரம் சாப்பிட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் அக்கா ஒரு மழைமானி வைத்திருந்தார். மேலே புனல் வைத்த ஒரு நீளமான டப்பா. தினமும் காலையில் அளப்பார். ஒரு மாசி மாதம், வானத்தில் துணுக்கு மேகம் இல்லாத நாளில், அதில் நாலு மில்லிமீட்டர் தண்ணீர் இருந்தது. இயந்திரமோ இருபதில் சைபர் என்றிருந்தது. அக்காவுக்கு ஒரே உற்சாகம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஈரத்தைக் கூட்டி ஓட்டினார், காற்றின் திசையை மாற்றி ஓட்டினார். வரிசையில் நின்று நின்று ஓட்டினார். என்ன செய்தும் அந்த இயந்திரம் காரைக்குடியில் மழை என்று ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் குழந்தையின் துணியைக் காயப்போட நான் மேலே போனேன். என் மாமியாரின் கண்டாங்கிச் சேலை கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிழிந்தால் சேலை பாழாகும் என்று அவர் பிழியாமலே போடுவார். அதன் முந்தானை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் நேரே அந்தப் புனலுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் மாமியாரைக் காட்டிக் கொடுத்ததாகுமா? அக்காவுக்கு வருத்தமாகுமா? ஒரு முழு நாள் யோசித்தேன். மறுநாள் அக்கா கண்கள் சிவந்து இறங்கி வந்ததைப் பார்த்தபின் சொல்லிவிட்டேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூணு நாளா அம்புட்டுப் பெரிய கம்ப்யூட்டரை உங்க அத்தை சேலைக்காக ஓட்டியிருக்கேன்ப்பா! அது அப்பவே சொல்லுச்சு, மழை இல்ல, மழை இல்லன்னு. நான்தான் கேக்கலை!"

"என் சேலை என்ன பண்ணுச்சு?" என்று உள்ளேயிருந்து மாமியார் வந்தார். "காயத்தானே போட்டேன்."

அன்றைக்கு இரண்டு பொட்டலம் வந்தது. காலண்டர் தாளில் "கண்டாங்கி மழை, நாலு மில்லி" என்று எழுதி, கம்பியில் குத்தாமல் சுவரிலேயே ஒட்டி வைத்தார்.

இரண்டாவது ஐப்பசி வந்தபோது என் மகளுக்குப் பதினோரு மாதம். முடியெடுத்துக் காது குத்த வேண்டும். எங்கள் குலதெய்வம் சிங்கம்புணரிக்கு அங்குட்டு, கண்மாய்க்கரையை ஒட்டிய பொட்டலில் இருக்கிறது. சாமிக்கு மட்டும்தான் கூரை. மற்றவர்களுக்கு வானம்தான். ஜோசியர் ஒரே வாரத்தில் இரண்டு நாள் குறித்துக் கொடுத்திருந்தார், வியாழன், இல்லையென்றால் ஞாயிறு. மாமியார் பூக்கட்டிப் பார்த்தார். வியாழனுக்கு வெள்ளைப் பூ வந்தது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

எனக்கு மட்டும் ஆறாம் மாதத்து ஆஸ்பத்திரி கண்முன்னே நின்றது. மழையில் நனைந்த மொட்டைத் தலையோடு, புதிதாகக் குத்திய காதோடு, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டலில் குழந்தைக்கு மூச்சு இரைத்தால்? முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன்.

"நான் ஜோசியக்காரி இல்லப்பா" என்றார் அக்கா. "வானிலை அறிக்கை வருதுல்ல, அதைப் பாரு."

"பாத்துட்டேன்க்கா. ரெண்டு நாளுமே ஓரிரு இடங்களில் மழைன்னு போட்டிருக்கு. எங்க கோயில் அந்த ஓரிரு இடமா இல்லையான்னுதான் எனக்குத் தெரியணும்."

அவர் முகம் மலர்ந்த விதத்தை இப்போதும் மறக்கவில்லை. அவர் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை நான் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. உடனே மடிக்கணினியின் ரப்பர் பேண்டைக் கழற்றினார். மறுநாள் மத்தியானம் இறங்கி வந்தார். "வியாழன், இருபதுல பதினாலு மழை. ஞாயிறு, இருபதுல மூணு. ஆனா ஞாயிறு தூரம். தூரம் போகப் போக அதுக்குக் கண்ணு மங்கும். அப்புறம், மூணுன்னா ஒண்ணுமில்லைன்னு நெனச்சுராத. அந்த மூணும் முழு நாளு. பெய்ஞ்சா நெசமாவே பெய்யும்."

"அப்ப நான் என்னதான்க்கா பண்றது?"

"அதை மட்டும் மிசினு சொல்லாது."

அன்று சாயங்காலம், கல்யாணமாகி வந்து முதல் தடவையாக, மாமியார் சொன்னதற்கு எதிராக நான் வாயைத் திறந்தேன். சிவகங்கையில் வேலை முடிந்து வந்திருந்த என் கணவர், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று குளிக்கப் போய்விட்டார். மாமியார் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஒம்புள்ள. நீயே சொல்லு. எந்தக் கெழமை?"

அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம். "ஞாயித்துக்கெழமை" என்றேன். சொன்ன அடுத்த நொடியே வியாழன் என்று மாற்றலாமா என்று தோன்றியது.

எல்லாருக்கும் திரும்பப் போன் போனது. தாய்மாமனாக மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய என் தம்பி திருப்பூரிலிருந்து கத்தினான். "ஏக்கா, லீவை மாத்திக் கேட்டா மேனேஜர் என்னையவே மாத்திருவாரு!"

நான் அத்தோடு நிறுத்தவில்லை. மூன்றும் முழு நாள் என்று அக்கா சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சமையல்காரரிடம் சொல்லி, அடுப்புக்கு மேல் போடும் தகரக் கொட்டகையை இரண்டு மடங்கு நீளமாகப் போடச் சொன்னேன். தரைக்குப் பலகை. மூன்று செட் காய்ந்த துணி, இரண்டு கம்பளி, மூச்சிரைப்புக்கு மருந்துப் புகை கொடுக்கும் கருவி, அதற்கு பேட்டரி.

"கெடா வெட்டப் போறமா, ஆஸ்பத்திரி தொறக்கப் போறமா?" என்றார் மாமியார். "மூணுக்கு எதுக்குடி இம்புட்டுத் தகரம்?"

வியாழக்கிழமை விடிந்தது. மேகமே இல்லை. பத்து மணிக்குத் தரை சுட்டது. மாமியார் வீட்டிலிருந்த மிளகாய் முழுவதையும் மொட்டை மாடியில் மழைமானிக்குப் பக்கத்தில் கொட்டிப் பரப்பினார். கோயில் பூசாரிக்குப் போன் போட்டு, எனக்குக் கேட்கும்படி, "அங்க எப்படி? ஓகோ, புழுதி பறக்குதா? சரி சரி" என்றார். சாயங்காலம் மாடி அக்கா பொட்டலத்தோடு வந்தார். "பதினாலு சொன்னேன், ஒரு சொட்டு இல்ல! சுத்தமாத் தப்பு!" அன்றைக்கு மட்டும் அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவர் தப்பு பணியாரமாகிவிடும். என் தப்பு என்னவாகும்?

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல வெயிலில்தான் கிளம்பினோம். மாடி அக்காவும் வந்தார். முடியெடுத்தாகிவிட்டது. மகள் புது மொட்டையைத் தானே தடவித் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி மடியில் உட்கார்த்தினோம். ஆசாரி ஊசியைத் துடைத்தார். அப்போது மேற்கேயிருந்து ஒரு காற்று வந்து பந்தல் துணியைத் தூக்கியது. யாரோ, "ஆத்தி, அங்குட்டுப் பாருங்க" என்றார்கள். கண்மாயின் அந்தக் கரை தெரியவில்லை. இந்தக் கரையும் மறையத் தொடங்கியிருந்தது.

எல்லாரும் அவரவர் பக்கம் ஓடினார்கள். நான் யோசிக்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். "தம்பி, இங்குட்டு! தகரத்துக்குள்ள வா! ஆசாரி, நீங்களும் வாங்க!" என்று கத்தினேன். குழந்தை கொட்டகைக்குள் நுழைந்ததும் மழை தகரத்தில் இறங்கியது. உள்ளே ஆறு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பொட்டலிலேயே காய்ந்த இடம், வெதுவெதுப்பான இடம் அதுதான். கறிக்குழம்பு கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில், பலகை மேல் தம்பி சம்மணம் போட்டு உட்கார, ஆசாரி குத்தினார். மகள் வாயைத் திறந்து அழுதாள். ஆனால் தகரச் சத்தத்தில் அழுகை கேட்கவே இல்லை. அவளுக்கே கேட்கவில்லை போலிருக்கிறது. அழுவதை நிறுத்தி அண்ணாந்து பார்த்தாள். அடுத்த காதையும் குத்திவிட்டார்கள்.

மாடி அக்கா மட்டும் உள்ளே இல்லை. வெளியே மழையில் நின்று, "மழையை அளக்கணும், மேலயும் கீழயும் ஒரே அகலமா ஒரு பாத்திரம் குடுங்க! வாளி வேணாம், வாளி வேணாம்!" என்று சமையல்காரரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அவர் ஒரு டின்னை நீட்டினார். அதைப் பொட்டல் நடுவில் வைத்துவிட்டு அக்கா அதற்குக் காவல்போல் நின்றார். "மூணுல ஒண்ணுப்பா இது! வந்துருச்சு! கண்ணால பாக்குறேன்!"

"கூறு கெட்டவளே, சளி பிடிக்கும், உள்ள வா!" என்று மாமியார் கத்தினார்.

மாமியார் என் பக்கத்தில் நின்றிருந்தார். வாங்கிவைத்த மாலையெல்லாம் நனைந்து போயிருந்தது. பாதி உறவுக்காரர்கள் வேனுக்குள் அடைந்து கிடந்தார்கள். வியாழன் வெயிலை எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அத்தை, நான்தான் தப்பு" என்றேன்.

"என்ன?" என்று காதைக் காட்டினார். தகரம் அப்படி அதிர்ந்தது.

"நான்தான் தப்பு அத்தை!"

"என்னடி, கேக்கலை!"

மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "நான்தான் தப்பு! வியாழக்கெழமையே வச்சிருக்கணும்!" சரியாக அந்த நேரம் பார்த்து மழை ஒரு நொடி ஓய்ந்தது. என் குரல் வேன்கள் வரை போனது. அத்தனை தலைகளும் திரும்பின. எனக்கு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தகரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தம்பி மடியில் காய்ந்த துணியோடு, காதில் தங்கத்தோடு, அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்த பேத்தியைப் பார்த்தார்.

"அதான் தப்புன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?" என்றார். "அப்பப் பணியாரம் எங்க?"

அன்று திரும்பி வரும் வழியில் நானே போய் வாங்கினேன். மகளின் மூச்சில் அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை, விசில் சத்தம். மூன்று தடவை காதை வைத்துக் கேட்டேன். கேட்டதை முதல் தடவையாக எழுதியும் வைத்தேன்.

பங்குனியில் மாடி அக்கா திரும்பிப் போனார். கடைசி நாள் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். என் மகளுக்கு முப்பது வயதாகும்போது காரைக்குடியின் ஐப்பசி எப்படியிருக்கும் என்று அதே இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, தன் கணிப்பை எழுதி வைத்திருக்கிறாராம்.

"நீ பிரிக்காத. இவதான் பிரிச்சுப் பாத்து சரியா தப்பான்னு போடணும். தப்பா இருந்தா இவளே பணியாரம் வாங்கிக்கட்டும்."

பிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தடித்த உறை, ஒன்றும் தெரியவில்லை.

மழைமானி இன்னும் எங்கள் மொட்டை மாடியில்தான் இருக்கிறது. சேலைக்கொடியை அங்கிருந்து மாற்றியாகிவிட்டது. மழை பெய்தால் அளந்து அவருக்கு அனுப்புவேன். அவர் இயந்திரம் என்ன சொன்னது என்று பதில் அனுப்புவார். எங்கள் கூடத்திலும் இப்போது ஒரு தினசரிக் காலண்டர் உண்டு. "சளி பிடிக்கும்", "பள்ளிக்கூடத்தில் அழுவாள்" என்று என் பயங்களை அதில் எழுதுகிறேன். பெருக்கல் குறிகள் நிறைய விழுகின்றன.

போன வாரம் ஒருநாள், இருபதில் ஒன்றுதான் என்று அக்கா காலையிலேயே கைபேசியில் செய்தி அனுப்பியிருந்தார். மூன்று மணிக்குத் தெரு வெள்ளமாக ஓடியது. மழை ஓய்ந்ததும் மாடிக்குப் போய் அளந்தேன், முப்பத்தொரு மில்லி. அதை அனுப்பக் கைபேசியைத் தேடிக்கொண்டு கீழே வந்தால், மாமியார் குடையோடு வாசலில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"தூறல்ல எங்க அத்தை கெளம்பிட்டீக?"

"அவளுக்குத் தப்பாப் போச்சுல்ல? பாவம், அங்க எங்க அவளுக்குப் பணியாரம் கெடைக்கும்" என்றபடி குடையை விரித்தார். "நான் போயி வாங்கியாறேன். நாமளாச்சும் சாப்பிடுவோம்."

வாசற்படியில் இறங்கியவர் நின்று, திரும்பாமலே சொன்னார். "எனக்கும் சேத்துத்தான். நானும் காலையில வெயிலடிக்கும்னுதான் சொன்னேன்."